வெயில் தேடிப் போன கோட்டு

பொண்டாட்டி வாயால புருசன் பேரு வரக் கூடாதும்பாவ. நான் சொல்லுவேன். நம்பிராஜன். அந்த மனுசனோட கோட்டைத் தூக்கிக்கிட்டு நான் அலைஞ்ச அலைச்சலுக்கு, பேரைச் சொல்லுத பாத்தியதைகூடவா எனக்கு இல்லாம போச்சு?

கோட்டுன்னா, பள்ளிக்கூடத்து வாத்தியாருவ வேட்டிக்கு மேல மாட்டிக்கிட்டுப் போற கோட்டு இல்ல. கோட்டும் கால்சராயும் ஒரே துணியில தச்ச சூட். வெளிர் சாம்பல் நெறம், கம்பளித் துணி. எங்க கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளைச் சீரா எங்க அண்ணன் சங்கிலிப்பாண்டி எடுத்துக் குடுத்தது. பாளையங்கோட்டையில ஒரு பாய் கடையில தைக்கக் குடுத்தோம். அவரு வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தச்சுப் பேரெடுத்தவரு. தச்சு வாங்கிக் கொஞ்ச நாள்லயே யுத்தம் வந்துட்டு. அப்பொறம் அந்த மாதிரித் துணியக் கடையில கண்ணால பாக்கக்கூட முடியல. வேட்டி சேலைக்கே ஜனங்க வரிசையில நின்ன காலம். கிழிஞ்சாப் போச்சு, பூச்சி அரிச்சாப் போச்சு, வேற தைக்க வழியில்ல.

அளவு எடுத்த அன்னைக்கு நம்பிராஜன் கண்ணாடி முன்னால நின்னு முதுகு எப்படி இருக்குன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தாரு. பாய் சொன்னதைக் காது குடுத்துக் கேட்டது நான்தான். துணிக்குத் தண்ணி காட்டாதீங்கம்மா, தூசி பட்டா பிரஷ் வச்சு மேலருந்து கீழ ஒரே போக்குல தட்டுங்கன்னாரு. ஆணியில மாட்டினா தோள் தொங்கிப் போயிரும், தோள் மாதிரியே ஒரு கட்டை செஞ்சு அதுல மாட்டுங்க. ஒரு நாள் போட்டா மறுநாள் போடக் கூடாது, காத்தாட ஆறணும். பையில வெத்தலைப் பொட்டலம், சாவின்னு எதையும் திணிக்க விடாதீங்க. இஸ்திரிப் பொட்டி போடும்போது மேல ஒரு ஈரத்துணி விரிச்சுக்கிடுங்க. ஈரமும் ஆவாது, நேர் வெயிலும் ஆவாது. இம்புட்டும் சொல்லிட்டு, இப்படி வச்சுக்கிட்டா உங்க மவனும் போட்டுக்கிடலாம்னாரு.

ஈரம் ஆவாதுன்னு தென்காசியில வாக்கப்பட்டவகிட்ட சொல்லுதாரு. ஆனி பொறந்துட்டா குத்தாலத்து மலையில இருந்து சாரல் எறங்கிரும். ஜாடியில உப்பு கசிஞ்சு நிக்கும், தீக்குச்சி பத்தாது, சுவத்துல கைய வச்சா ஈரம் ஒட்டும், வாசல்ல கழத்திப்போட்ட செருப்புல விடியுதுக்குள்ள பூசணம் பூத்துரும். அந்த ஊர்லதான் நான் ஒரு கம்பளிக் கோட்டைக் காப்பாத்தணும். ஆசாரியப் புடிச்சு தோள்கட்டை செஞ்சேன். பழைய மல்வேட்டியக் கிழிச்சு உறை தச்சேன். பாச்சா உருண்டைய துணியில படாம முடிச்சுக் கட்டித் தொங்கவிட்டேன். சாரல் விடாம அடிக்கித நாள்ல உள்வீட்டுல தூரமா ஒரு கங்குச் சட்டிய வச்சு, அனல் மட்டும் படட்டும், புகை பட்டுரக் கூடாதுன்னு பக்கத்துலயே காவல் இருப்பேன். மூத்த மருமவ, இவரு அண்ணன் பொண்டாட்டி மாடத்திக்கு இதப் பாத்தா சிரிப்பாணி. நம்ம வள்ளித்தாய்க்கு ரெண்டு மாப்பிள்ளை, ஒண்ணு ஊரைச் சுத்துது, ஒண்ணு கட்டையில தொங்குதுன்னு கெணத்தடிக்கு வாறவகிட்டல்லாம் சொல்லுவா. சொல்லிட்டுப் போறா மூதின்னு விட்டுருவேன்.

அந்தக் கோட்டை நம்பித்தான் நான் அந்த வீட்டைவிட்டு வெளிய போவணும்னு இருந்தேன். அது நம்பிராஜனோட அண்ணன் சுடலைக்கண்ணு வீடு. எனக்கு அத்தான் முறை, போலீசுல ஏட்டா இருந்து ஓய்வு வாங்கினவரு. அப்பா இல்லாத வீட்டுல அவருதான் அப்பா. உத்தியோகம் முடிஞ்சாலும் வீட்டுல அவரு இன்னும் ஏட்டுதான், அவரு இருமினா மாடத்தி செம்பை எடுத்துக்கிட்டு ஓடணும். மாமியா குருவம்மாள் சூதுவாது தெரியாதவுக, ஆனா மூத்த மவன் மொகத்தைப் பாத்துத்தான் வாயத் தொறப்பாவ. நான் வேலையில்லாதவன் பொண்டாட்டி. கொழம்புக்கு எம்புட்டு உப்புன்னு நான் சொல்லக் கூடாது. எங்க அண்ணன் வந்தா ஒரு வாய்க் காப்பி போடணும்னாலும் மாடத்தி தலையசைக்கணும். அரைக்கிறது நான், கழுவுறது நான், அடுப்பு மட்டும் என்னுது இல்ல.

எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும், அதுல நான் நெனச்ச நேரத்துக்கு ஒலை வைக்கணும். ராவும் பவலும் இதே நெனப்புதான், ஆனா ஒருத்தர்கிட்டயும் வாயவிட்டுச் சொன்னதில்ல. நம்பிராஜன் சப் இன்ஸ்பெக்டர் ஆனா குவார்ட்டர்ஸ் குடுப்பாவ. போன தடவை திருநெல்வேலி செலக்‌ஷனுக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனாரு, தவறிப் போச்சு. அடுத்த வருசம் வயசு தாண்டிரும், இதான் கடைசி. போலீஸ் பெரிய துரை சீசனுக்குக் குத்தாலம் பங்களாவுல வந்து எறங்கியிருக்காரு, அங்கனயே வச்சு ஆளுங்களைப் பாக்கப் போறாரு, வியாழக்கெழமை காலையில வந்துரணும்னு தகவல் வந்துச்சு. அத்தான் தெரிஞ்ச அதிகாரிமார் வீட்டுக்கெல்லாம் நடையா நடந்து புடிச்ச சந்தர்ப்பம் அது. அந்தத் தகவல் வந்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. உக்காந்தா எந்திரிக்கணும்னு வரும், எந்திரிச்சா கோட்டைத் தொட்டுப் பாக்கணும்னு வரும்.

திங்கக்கெழமை ரெண்டு பேரும் குத்தாலம் போனோம். பங்களா எங்கன இருக்கு, வழியில எம்புட்டுச் சகதி, எங்கன நின்னு பூட்ஸை மாட்டிக்கிடலாம்னு பாத்துட்டு வந்துருவோம்னு நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். சீசன் கூட்டம் நெரியுது. எண்ணெய் தேய்க்கிதவங்க ஆளுங்களைக் கல்லுல உக்கார வச்சு முதுகுல பளார் பளார்னு சாத்துதாங்க. அருவிக்கிட்ட ஒரு போலீஸ்காரர் கம்பை வச்சுக்கிட்டு வரிசை கட்டிக்கிட்டிருந்தாரு. ஒரு தாத்தா ஈரக் கோவணத்தோட குறுக்க நுழையப் பாத்தாரு. போலீஸ்காரர் கம்பை ஓங்கினாரு, ஓங்கினதுதான், அடிக்கல. தாத்தா பயத்துல வழுக்கித் தண்ணிக்குள்ள உக்காந்துட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். நம்பிராஜன் சிரிக்கல, அவரு புடிச்சிருந்த கொடை லேசா ஆடுச்சு. குளுரு தாங்கலன்னு நெனச்சேன். பங்களா கேட்டுக்கு எதுத்தாப்புல போயி நின்னுக்கிட்டு, பாத்தாச்சுல்லா, போவமான்னு அவசரப்படுதாரு. ரோட்டைத் தாண்டவே மாட்டேங்காரு. சளி புடிச்சுத் தொலைச்சிராதீக, வியாழக்கெழமை துரை முன்னால தும்மிக்கிட்டா நிப்பீகன்னு வைதுக்கிட்டே கூட்டிக்கிட்டு வந்தேன்.

மறுநா நான் கெணத்துக்குக் குளிக்கப் போயிட்டு வாறேன், கோட்டு உறைக்கு வெளிய தொங்குது. பக்கத்துல மாமியா குருவம்மாள் நின்னு கும்பிட்டுக்கிட்டிருக்காவ. விரல்ல மஞ்சள்.

எங்க பக்கம் மஞ்சள் வைக்காம புதுத்துணி உடுத்த மாட்டாவ. வேட்டின்னா மூலையில ஒரு பொட்டு, சேலைன்னா முந்தியில ஒரு பொட்டு. இந்தக் கோட்டுக்கு யாரும் மஞ்சள் வைக்கல, அதுனாலதான் போன தடவை காரியம் கைகூடலன்னு அத்தை மனசுல ரொம்ப நாளா கெடந்திருக்கு. விரலி மஞ்சளை உரசி எடுத்துக்கிட்டு வந்துட்டாவ. வந்து பாத்தா கோட்டுக்கு மூலை எது? அவுகளுக்குத் தெரிஞ்ச மூலை, நெஞ்சுல மடங்கி ரெண்டு பக்கமும் கூரா நிக்கிதுல்லா, அந்த முனைதான். ரெண்டு முனையிலயும் பட்டை பட்டையா அப்பி வச்சிருக்காவ. துரை கண்ணுக்கு நேரா தெரியுத எடம்.

அத்தை, என்ன காரியம் செஞ்சுட்டீகன்னு கத்தினேன். அவுக மெரண்டு போயி, நல்லதுக்குத்தானட்டி வச்சேன்னாவ. நல்லது செய்ய உள்பக்கம் எடமில்லையா, காலருக்கு அடியில எடமில்லையான்னு பொரிஞ்சு தள்ளினேன். பொறவு பல்லைக் கடிச்சுக்கிட்டு, காயட்டும்னு விட்டு, பிரஷ்ஷால தட்டித் தட்டி எடுத்தேன். பொடி உதுந்துட்டு, கறை நின்னுக்கிட்டு. தண்ணி மட்டும் காட்டிரக் கூடாது, காலையில யோசிப்போம்னு உறை போட்டு மூடினேன்.

புதன் காலையில உறையத் தூக்குதேன், மஞ்சளைக் காணோம். ரெண்டு முனையும் ரத்தச் செவப்பா இருக்கு. தொட்டுப் பாத்தா நசநசன்னு ஈரம், மோந்து பாத்தா சவுக்கார வாடை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஆலத்தி ஆவுதுல்லா, மஞ்சளும் சவுக்காரமும் சேந்தாலும் அதே செவப்புதான். மஞ்சள் துணி தொவைக்கித வீட்டுல பொறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. இதத் தெரிஞ்சே எவளோ செஞ்சிருக்கான்னு எனக்கு மண்டையில ஏறிட்டு. எவளோ என்ன எவளோ, மாடத்திதான். கெணத்தடியில சவுக்காரக் கட்டியோட நிக்கிதா. போயி அவ முடியப் புடிக்காத கொறைதான். எம்பிள்ளைங்க மேல சத்தியமா நான் தொடல வள்ளின்னா. பிள்ளைங்களை எதுக்கு இழுக்க, ஒன் வயித்தெரிச்சலைச் சொல்லுன்னேன். அத்தான் உள்ள இருந்து ஒரு அதட்டு அதட்டினாரு, கெணத்தடியே கம்முன்னு ஆயிட்டு. துரை முன்னால ரத்தக்கறையோட போயி நின்னா என்னலே நெனப்பான், இந்த வீட்டு மானத்த வாங்கவா நான் தெருத்தெருவா அலைஞ்சேன்னு தம்பியப் பாத்துக் கத்தினாரு. நம்பிராஜன் தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. அத்தை ஒரு மூலையில போயி உக்காந்தவுக கஞ்சிய ஏறெடுத்தும் பாக்கல.

அழுதுக்கிட்டு நின்னா கறை போவுமா? யோசிச்சேன். செவந்ததைப் புளிப்பு மஞ்சளாக்கிரும். ஆலத்தித் தட்டுல எலுமிச்சங்காய் பிழிஞ்சா மஞ்சளாத் திரும்புதில்லையா. மஞ்சள் ஆயிட்டா மிச்சத்தை வெயில் பாத்துக்கிடும், மஞ்சள் சேலைய வெயில்ல போட்டாத்தான் வெளுத்துருமே. எலுமிச்சைக்குப் பஞ்சமில்ல. வெயிலுக்கு எங்க போவ? தென்காசி வானத்தைப் பாத்தா நனைஞ்ச கம்பளிய விரிச்சுப் போட்டாப்புல இருக்கு. ஆனா இந்தச் சாரலு மலையடிவாரத்தோட சரி. கெழக்க பாவூர்சத்திரம் தாண்டிட்டா காத்து மட்டும்தான் வரும், மழை வராது. நான் பொறந்தது கீழப்பாவூர். இங்க நாம கொடை புடிக்கித அன்னைக்கு அங்க களத்துல வத்தல் காயும். கோட்டைத் தூக்கிக்கிட்டு கீழப்பாவூர் போயிட்டு வாறேன்னேன். அத்தான் கொஞ்சம் யோசிச்சு, ரெண்டு பேரும் போங்க, பொழுது சாய முன்ன இங்கன இருக்கணும்னாரு.

யுத்த காலம், பெட்ரோல் கெடையாது, கரியில ஓடுத பஸ்ஸு. முதுகுல ஒரு அடுப்பைக் கட்டிக்கிட்டு அது மொனங்கி மொனங்கி வரும். உள்ள கூட்டம். கோட்டை உறையோட தோள்கட்டையில மாட்டி, ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்தேன். எதுத்தாப்புல இருந்த ஒரு பொம்பளை, யாரு வீட்டுக் கல்யாணத்துக்கும்மா மாப்பிள்ளை உடுப்பு போவுதுன்னு கேட்டா. ஆமா, கல்யாணம்தான்னேன். வேற என்னத்தச் சொல்ல? பாதி வழியில பஸ்ஸு நின்னுட்டு. கண்டக்டர் எறங்கிப் போயி பின்னால இருந்த அடுப்புக்கு விசிறியச் சுத்துதாரு, சுத்துதாரு, கருங்கருன்னு புகை வருது. நான் முந்தானையப் பிரிச்சுக் கோட்டுக்கு மேல போத்திக்கிட்டு கெடந்து துடிக்கேன். வானத்தைப் பாக்கேன், தூறுது. நம்பிராஜன் ஒரு புளியமரத்தடியில போயி, ஆத்தங்கரைக்கு வந்தவரு மாதிரி நிம்மதியா நிக்காரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒங்க உத்தியோகத்துக்குத்தான ஓடுதேன், செத்த நேரம் போயி அந்த விசிறியச் சுத்தி விட்டா என்னன்னேன். போயிச் சுத்தினாரு. கண்டக்டரைவிட மெதுவாச் சுத்தினாரு.

பாவூர்சத்திரத்துல எறங்கும்போது பளீர்னு வெயிலு. எனக்கு அந்தச் சூரியனைப் பாத்து ஒரு கும்புடு போடணும்னு இருந்துச்சு, ரெண்டு கையிலயும் கோட்டு. அங்கன இருந்து நடந்தோம், நடந்தோமா ஓடினோமான்னு தெரியல.

கீழப்பாவூர்ல எங்க அப்பா அம்மா போயிச் சேந்து வருசமாச்சு. அண்ணன் சங்கிலிப்பாண்டி புளியங்குடியில எலுமிச்சைக் கமிசன் கடை வச்சு அங்கனயே இருந்துட்டான், வீடு பூட்டிக் கெடந்துச்சு. வீட்டுக்குப் பின்னால இருந்த களத்துக்குப் போனோம். கொண்டுபோன எலுமிச்சைய அறுத்து, ஒரு சொட்டுத் தண்ணியில கலந்து, உள்பக்கம் காஞ்ச துணிய வச்சுக்கிட்டு, இன்னொரு துணி நுனியால ஒத்தி ஒத்தி எடுத்தேன். செவப்பு கண்ணு முன்னாலயே மஞ்சளாத் திரும்புச்சு. பாருங்க, பாருங்கன்னு அவரு கையப் புடிச்சு இழுத்தேன். அவரு ஒரு பார்வை பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாரு.

நேர் வெயில் ஆவாதுன்னு பாய் சொன்னாருல்லா, துணி நெறம் விட்டுரும். அதுனால கோட்டு முழுக்க வேட்டியச் சுத்தி, ரெண்டு முனைய மட்டும் வெளிய எடுத்து விட்டேன். அடுத்த கூத்து ஆரம்பிச்சுட்டு. ஆடிக்காத்து. மழையத்தான் மலையில விட்டுட்டு வருமே தவிர, காத்து அங்கன இருந்து நேரா வந்து களத்துல பேயாட்டம் ஆடுது. கோட்டை மரத்துல மாட்டினா பறந்துரும், தரையில போட்டா புழுதி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு தோளைப் புடிச்சுக்கிட்டு, நடுவுல ஒரு ஆளை நிப்பாட்டி வச்ச மாதிரி நின்னோம். வெயிலு நகர நகர நாங்களும் நகந்தோம். கை கடுக்குது. வாய் சும்மா இருக்குமா? மாடத்தி குடும்பத்தையே இழுத்து வச்சு வஞ்சுக்கிட்டிருந்தேன். அவ செவந்த வாயும், அவ சவுக்காரமும், அவ பொய்ச்சத்தியமும், நாசமாப் போவான்னேன்.

"மைனிய வையாத, வள்ளி," ன்னாரு நம்பிராஜன். "சவுக்காரம் போட்டது நான்."

கறையப் போக்கத்தான் போட்டிருப்பாரு, ஆம்பளைக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். அதைக் காலையிலயே சொல்லியிருந்தா அந்தப் பாவி மவளை நான் அம்புட்டு பேசியிருக்க மாட்டேன்லான்னேன்.

"செவக்கும்னு தெரிஞ்சுதான் போட்டேன்," ன்னாரு.

என் கை நழுவிட்டு. ஒரு பக்கத்துத் தோள் காத்துல படபடன்னு அடிச்சு அவரு மொகத்துல போயி விழுந்துச்சு. அவரு ஒத்தக் கையால அதைப் புடிச்சுக்கிட்டு, எம்மொகத்தைப் பாக்காம, கோட்டுகிட்ட பேசுதாப்புல பேசினாரு. சின்னதுல அண்ணன் டூட்டி முடிச்சு வருவாராம். வெளிய எவன் மேலயோ உள்ள கோவம் இவரு மேல எறங்குமாம். அடிச்சு முடிச்சதும் கை வலிக்குதும்மா, கொஞ்சம் எண்ணெய் தடவி விடுன்னு அம்மாகிட்ட நீட்டுவாராம். அம்மா தடவி விடுவாவளாம், இவரு மூலையில இருந்து அதைப் பாத்துக்கிட்டே இருப்பாராம்.

"அந்தக் கை எனக்கும் வந்துரும்னு பயமா இருக்கு வள்ளி. அன்னைக்கு அருவிக்கரையில அவன் கம்பை ஓங்கினதும் எல்லாரும் சிரிச்சீங்க. நாளைக்கு அந்தக் கம்பு எங்கையில இருக்கும்."

எனக்கு முதல்ல வந்தது கோவம்தான், இரக்கம் வரல. இத்தனை வருசம் ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா, ஊமையாவா இருந்தீகன்னு கேட்டேன்.

"நீ அந்தக் கோட்டைத் தொடைக்கித தொடைப்பைப் பாத்தா யாருக்கு வாய் வரும்?"

அந்தச் சொல்லு என்னை நடுக்களத்துல உக்கார வச்சுட்டு. புழுதின்னும் பாக்காம உக்காந்துட்டேன். நான் தட்டின தட்டெல்லாம், நான் காவல் இருந்த கங்கெல்லாம் இந்த மனுசன் வாயில துணிய வச்சு அடைச்சிருக்கு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அழுதுக்கிட்டே, அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாததைச் சொன்னேன்.

"எனக்கு இன்ஸ்பெக்டர் பொண்டாட்டின்னு ஒரு பேரு வேண்டாம். எனக்கு ஒரு அடுப்பு வேணும். அம்புட்டுதான்."

அவரு என்னைப் பாத்தாரு, கோட்டைப் பாத்தாரு. அடுப்பான்னாரு. ஆமா, அடுப்புதான், மாடத்தி மூஞ்சியப் பாக்காம ஒரு ஒலை வைக்கணும்னேன். அவரு என் பக்கத்துல வந்து குந்தினாரு. சங்கிலிப்பாண்டி எத்தனையோ மட்டம் கூப்பிட்டிருக்கானாம், மாப்பிள்ளை, கடைக்கு வந்து கணக்கைப் பாத்துக்கிடுங்க, கடைக்குப் பின்னால ஒத்தை அறைப் பத்தி ஒண்ணு இருக்கு, குடும்பத்தோட இருந்துக்கிடலாம்னு. எலுமிச்சை மூட்டைக்கு நடுவுல போயி உக்கார எம்பொண்டாட்டி சம்மதிப்பாளா, சூட்டைத் தச்சுக் குடுத்தவன் வீட்டுலயே கூலிக்கு நிக்கவான்னு கேப்பான்னு இவரா நெனச்சுக்கிட்டு எங்கிட்ட மறைச்சிருக்காரு. எனக்கு அவரைக் கடிச்சுத் தின்னுரலாமான்னு இருந்துச்சு, கட்டிப்புடிச்சு அழணும்னும் இருந்துச்சு. வருசக்கணக்கா ரெண்டு கழுதைங்களும் ஒரே வீட்டுக்குள்ள வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கோம்.

பொழுது மேற்க எறங்கும்போது பாத்தேன், முனையில கறை இல்ல. எலுமிச்சை பட்ட எடம் ஒரு மயிரிழை வெளுத்திருந்துச்சு, அதுவும் தெரிஞ்ச கண்ணுக்குத்தான் தெரியும். நாலு பேரு முன்னால போட்டுக்கிட்டு நிக்கலாம். நம்பிராஜன் அந்த முனைய விரலால தடவிப் பாத்தாரு. பொறவு, கறை போவலன்னு சொல்லிருவோம் வள்ளி, உறையப் பிரிக்க வேண்டாம், நாளையப் பொழுது கழிஞ்சுட்டா அண்ணன் வஞ்சுட்டு விட்டுருவாருன்னாரு. நான் கோட்டை உறைக்குள்ள போட்டு மூடினேன்.

பஸ்ஸுல வரும்போது கெடந்து தவிச்சேன். கறை போயிட்டுன்னா, விடிஞ்சதும் இவரை உடுத்தி விட்டுக் குத்தாலத்துக்குத் தள்ளிருவாரு அத்தான். கறை போவலன்னா, பழி எங்க போயி விழும்? மஞ்சள் வச்ச கைமேல. காலையில இருந்து கஞ்சி குடிக்காம மூலையில கெடக்காவ அந்தப் பொம்பளை. நேத்து நான் அவுகளை எப்படி வஞ்சேன்னு எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் சாவுத மட்டும், எம்பிள்ளை பொழைப்பைக் கெடுத்தது என் மஞ்சள்தான்னு அவுக நெனச்சுக்கிட்டுக் கெடக்கணுமா? மேற்க பாத்தா மலைய மேகம் மூடிட்டு. மூஞ்சியில முதல் தூத்தல் விழுந்துச்சு.

வீட்டுக்குள்ள நுழையும்போது அத்தான் நாக்காலியில இருந்தாரு. மாடத்தி கதவுகிட்ட நின்னா, எம்மேல உள்ள கோவத்துல மொகத்தைத் திருப்பிக்கிட்டா. அத்தை சுவத்தைப் புடிச்சு எந்திரிச்சு வந்தாவ.

"போச்சாட்டி?"

நான் நம்பிராஜனைத் திரும்பிப் பாத்தேன். நான் சொல்ல மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். எதுவா இருந்தாலும் அவரு வாயால வரட்டும். உறையோட கோட்டைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அத்தான் ஏலே, கேக்காவல்லா, போச்சா இல்லையான்னு அதட்டினாரு. அப்பமும் தலை நிமிரல. அதைப் பாத்து, கறை போவலன்னு அத்தை நெனச்சுக்கிட்டாவ போல. மெதுவா வலது கையத் தூக்கிப் பாத்தாவ. நகத்துல மஞ்சள் இன்னும் போவல. இந்தக் கைய வெட்டிப் போடணும் ராசா, இது என்னத்துக்கு இனின்னு சொல்லி, கதவு நிலையில அதை ஓங்கி ஓங்கி அடிக்க ஆரம்பிச்சாவ.

நம்பிராஜன் ஓடிப்போயி அந்தக் கையப் புடிச்சாரு.

"கறை போயிட்டும்மா. உங்க மஞ்சளால ஒண்ணும் இல்ல. சவுக்காரம் போட்டது நான்தான். நான் நாளைக்குக் குத்தாலத்துக்குப் போவல. எனக்கு அந்த உத்தியோகம் வேண்டாம். நானும் வள்ளியும் புளியங்குடிக்குப் போறோம்."

நிறுத்தாம கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சாரு. மாடத்தி வாயப் பொத்திக்கிட்டா. அத்தான் எந்திரிச்சு வந்தாரு. கைய ஓங்கினாரு. அம்பது தடவை அடி வாங்கின ஒடம்புல்லா, சுருண்டுக்கிடும்னு நெனச்சேன். சுருளல, விலகல, தடுக்கவும் கையத் தூக்கல. அம்மா கையப் புடிச்ச புடி விடாம நேரா நின்னாரு. அறை விழுந்த சத்தம் உள்வீடு வரைக்கும் கேட்டுச்சு.

"இதுக்குத்தாண்ணே நான் போவல," ன்னாரு.

மறுபடி ஓங்கின அத்தான் கை எறங்க எடமில்லாம அந்தரத்துல நின்னுச்சு. நம்பிராஜன் ஒதட்டோரத்துல ரத்தம் வந்துச்சு. நான் கோட்டை அப்படியே ஈரத்தரையில போட்டுட்டு அவருகிட்ட ஓடினேன்.